மூலையில் ஒரு பெயர்

சுவரிலே முருகன் சிரிக்கிறான். மயில் தோகை விரித்து நிற்கிறது, வேல் மின்னுகிறது, வள்ளியின் கண்ணிலே நாணம், தெய்வானையின் கழுத்திலே முத்தாரம். படத்தின் கீழே, கொட்டை எழுத்தில், நகைக்கடையின் பெயர். அதை அடுத்து முதலாளியின் பெயர், தொலைபேசி எண். அதற்கும் கீழே நாள்தோறும் கிழிக்கும் தாள்கட்டு. ஆண்டவனுக்குப் பெயர் உண்டு. அன்பளிப்பாகத் தந்த கடைக்குப் பெயர் உண்டு. அச்சிட்ட ஆலைக்கும் பொடி எழுத்திலே பெயர் உண்டு. அந்த முருகனுக்கு மூக்கும் முழியும் தந்தவன் பெயர் என்ன?

பக்தன் அதைக் கேட்கமாட்டான். கேட்டால் பக்தி கெடும். வணிகர் கேட்கமாட்டார், அவருக்கு வேண்டியது வாடிக்கையாளர் வீட்டுச் சுவர். கேட்க வேண்டியவர்கள் பகுத்தறிவாளர்கள். விலை வாங்கிக்கொண்டு ஓவியத்தைக் கொடுத்துவிட்ட பிறகும், அதைத் தீட்டியவனுக்கு அதன்மீது ஏதேனும் உரிமை எஞ்சுகிறதா? எஞ்சுமாயின், அது எத்தகைய உரிமை? இந்தக் கேள்வியைக் கையிலே ஏந்தி, திரைக்குப் பின்னே சென்று பார்ப்போம்.

சிவகாசி! வானம் பொய்க்கும் வறண்ட பூமி; உழைப்பு பொய்க்காத ஊர். 1920-களில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டி செய்தால் அதன்மேல் ஒட்ட வண்ணச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் அச்சு வேண்டும். சீட்டுக்காக வளர்ந்த அச்சுத்தொழில் நாட்காட்டிக்குத் தாவியது. இன்றும் ஆடிப்பெருக்கையொட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் அங்கே வெளிவருகிறது. முகவர்கள் அதைச் சுமந்து ஊர் ஊராகச் செல்கிறார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இந்த லட்சுமியில் ஐந்நூறு, அந்தப் பிள்ளையாரில் ஆயிரம்" என்கிறார். எங்கும் நிறைந்தவர் எனப்படும் கடவுளுக்கு அங்கே வரிசை எண் உண்டு, விலைப்பட்டியல் உண்டு, தள்ளுபடியும் உண்டு!

அந்த முகங்கள் பிறந்த இடங்களுள் ஒன்று கோவில்பட்டி. சி. கொண்டைய ராஜு (1898–1976) என்னும் ஓவியர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் துறவிபோல் வாழ்ந்தவர். பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். கம்பெனி கலைந்தது, 1940-களில் அவர் கோவில்பட்டியிலேயே தங்கினார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ எழுந்தது. டி. எஸ். சுப்பையா முதலிய மாணவர்கள் அவரிடம் தொழில் பயின்றனர். அந்தக் கூட்டத்தார் தீட்டிய தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறி, தென்னாட்டின் அடுக்களைகளையும் பூசையறைகளையும் அடைந்தன.

கைலாயத்தைக் கண்டவர் எவர்? ஒருவருமில்லை. ஆனால் நாடகத் திரையைக் கண்டவர் பல்லாயிரவர். பின்னே பனிமலை, இருபுறமும் தூண், மேலே மடித்துக் கட்டிய பட்டுத் திரை, நடுவிலே ஒளிவட்டம். நாடகக் கொட்டகையில் நேற்று அரிச்சந்திரனுக்குப் பின்னே தொங்கிய அரண்மனைதான், இன்று திருமாலுக்குப் பின்னே வைகுந்தமாக விரிகிறது. கடவுளின் வீட்டைக் கட்டியவன் சீன் பெயிண்டர்!

ஓவியன் தூரிகையைக் கீழே வைத்ததும் வேலை முடிந்ததா? இல்லை. லித்தோ அச்சு நடந்த நாளில், ஓவியத்தைக் கண்ணால் பார்த்தே மஞ்சளுக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒரு தகடு என்று பிரித்து, புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தான் இன்னொரு கலைஞன். அவன் புள்ளி பிசகினால் உமையவளுக்கு மாறுகண்! அப்படிப்பட்ட கைக்காரனுக்குப் படத்தின் மூலைகூடக் கிடைக்கவில்லை. முதல்வனுக்குக் கிடைத்த மூலையும் நிலையானதன்று. அளவுக்குத் தக்கபடி வெட்டும்போது முதலில் கத்திக்கு இரையாவது விளிம்பு. ஓவியன் பெயர் இருப்பதும் விளிம்பிலேதான்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். "கடவுளை வரைந்து மூடநம்பிக்கையை வீடுதோறும் விற்றவர்களுக்காகப் பகுத்தறிவாளர் கண்ணீர் விடுவதா? அவன் பெயர் மறைந்தால் நமக்கென்ன?" என்பார். நேர்மையான கேள்வி, ஒதுக்கிவிட்டுப் போகத்தக்கதன்று.

1953-ஆம் ஆண்டு, புத்தர் பிறந்தநாளில், பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். அது மண் என்பதை மக்களுக்குக் காட்ட உடைத்தார். மண் என்றால் பிசைந்த கை ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ? படம் என்றால் வரைந்த கை ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ? தானாக முளைத்தது என்று கதை கட்டுவதற்கு வைதிகத்துக்கு முதல் தேவை, செய்தவன் பெயரை மறைப்பது. குயவன் பெயர் தெரிந்தால் பிள்ளையார் களிமண். தச்சன் பெயர் தெரிந்தால் தேர் மரம். ஓவியன் பெயர் தெரிந்தால் லட்சுமி காகிதமும் மையும். பத்து மேடைகளில் நாம் பேசுவதை, படத்தின் மூலையிலே இருக்கும் ஒரு கையொப்பம் ஒரு சொல்லில் கூறிவிடுகிறது: இதை மனிதன் செய்தான்! அந்தப் படத்திலே ஐயத்துக்கு இடமில்லாத உண்மை அது ஒன்றே. அந்த உண்மையை வெட்டி எறிய நாம் ஏன் உடன்படவேண்டும்?

கொள்கை ஒருபுறமிருக்க, நீதி என ஒன்று இருக்கிறது. கோயிலுக்குக் கல் சுமந்தவனுக்குக் கூலி மறுக்கப்பட்டால், கோயில் வேண்டாம் என்பவரும் கூலி கொடு என்றுதான் முழங்கவேண்டும். அவன் செய்த பொருளோடு நமக்கு வழக்கு உண்டு, அவனோடு இல்லை. நம் கருத்தை ஏற்றவனுக்கு மட்டுமே உரிமை கேட்போமாயின், அது சுயமரியாதை ஆகாது; கட்சி கட்டும் காரியமாகும்.

இன்னொரு சாரார் வேறு விதமாகப் பேசுவர். "பெயரை விரும்பாமை பெருந்தன்மை. அஜந்தாவில் தீட்டியவன் கையெழுத்துப் போட்டானா? சோழர் செப்புத் திருமேனியில் சிற்பியின் பெயர் இருக்கிறதா?" என்பர். கேட்க இனிக்கும் உரை! ஆனால் தஞ்சைக்குச் சென்று கல்வெட்டைப் படிக்கட்டும். 1010-இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்வெட்டு, மன்னன் கொடுத்ததையும் மன்னனின் அக்கன் கொடுத்ததையும் கழஞ்சுக் கணக்கோடு பொறித்திருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அதில் இருக்கிறது, பாராட்டுவோம். ஆயினும் அவனுக்குக் கிடைத்த பட்டம் 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்பதைக் கவனியுங்கள். தச்சனுக்குத் தந்த சிறப்பிலும் அரசன் பெயரே முன்னே நிற்கிறது! அவனுக்குக் கீழே உளி பிடித்த எண்ணற்ற கைகளுக்கு அந்த நிழலும் இல்லை. தன் பெயரைத் தானே விட்டுக்கொடுப்பது தன்னடக்கம். பிறன் பெயரைப் பறித்துக்கொண்டு, அவனுக்குத் தன்னடக்கம் உபதேசிப்பது ஆதிக்கம். அடக்கம் நல்ல குணம் என்று உரைப்போர், அதை ஏன் எப்போதும் உழைப்பவனிடமே எதிர்பார்க்கிறார்கள்? கொடையாளர் பெயரைக் குழல்விளக்கிலும் எழுதிவைக்கும் நாடன்றோ இது!

மூன்றாவதாக வருவது வணிகரின் வாதம். "விலை பேசினேன், கொடுத்தேன். வாங்கிய பொருள் என்னுடையது. இனி அவனுக்கு என்ன பாத்தியதை?" என்கிறார் அவர். இவ்வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே சான்று இருக்கிறது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள். ஒருவர் கதை எழுதினார், மற்றவர் படம் வரைந்தார். இருவரும் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தனர். 1938-இல் அதன் உரிமை 130 டாலருக்குப் பதிப்பகத்தின் கைக்குப் போயிற்று. 1947-இல் அவர்கள் வழக்காடினர். அதன்பின் அவர்கள் பெயரே ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. வானில் பறந்தவன் கோடி கோடியாய்க் குவித்தான். வரைந்தவர் கண் மங்கி வறுமையில் வாடினார். 1975-இல்தான், ஊரறியப் போராடிய பின், ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் 'படைத்தவர்கள்' என்ற பெயரும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. பணத்தோடு பெயரையும் கேட்டார்கள் என்பது கருதத்தக்கது. வயிறு நிறைந்தால் போதுமென்றால், அந்த ஒரு வரியை ஏன் கேட்கவேண்டும்?

நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சம்பளத்துக்கு வரைந்தவன் படைப்பை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், முதலாளிக்கே உரிமையாக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லும் உரிமையும், தன் புகழுக்குக் கேடு வரும்படி அப்படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவனுக்கு உண்டு என்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. சிற்பி வழக்குத் தொடுத்தார். 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கியது அரசு, வென்றது கலைஞன்! மாட்டை விற்றால் கயிறும் போகும். ஆனால் பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் பெற்றவர் பெயர் மாறிவிடாது. படைப்பு இரண்டாவது இனம்.

"கூடத்திலே பலர் சேர்ந்து வரைகிறார்கள். ஒருவர் கோடிடுகிறார், ஒருவர் முகம் தீட்டுகிறார், ஒருவர் அணிமணி நிரப்புகிறார். யார் பெயரைப் போடுவது?" என்று கேட்பார் உண்டு. கொண்டைய ராஜுவின் படங்கள் பலவற்றில் இதற்கு விடை இருக்கிறது. ஆசான் பெயரும் சுப்பையாவின் பெயரும் அங்கே அருகருகே நிற்கின்றன! அவருடைய பக்தி நமக்கு உடன்பாடில்லை. பெயரைப் பங்கிட்டுக் கொடுத்த பண்பு நமக்கு உடன்பாடு. இதற்கு நேர்மாறானதும் நடந்ததுண்டு. 1894-இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் பின்னர் ஜெர்மானியர் ஒருவர் கைக்கு மாறியது; 1906-இல் ரவிவர்மா மறைந்தார்; மறைந்த பின்னும் அவர் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. பெயர் ஒருவருடையது, கை வேறொருவருடையது. பெயர் முத்திரையாக மாறினால் அதுவும் உழைப்பவனை மறைக்கும் திரைதான். திரைப்படத்திலே விளக்குப் பிடித்தவர் பெயர்வரை ஓடவிடுகிறோம். ஒரு படத்தின் ஓரத்திலே மூன்று பெயருக்கு இடமில்லையா?

இன்று இக்கேள்வி முன்னிலும் கூர்மை பெற்றுவிட்டது. சொல்லைக் கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதைப் பயிற்றுவிக்கத் தொகுக்கப்பட்டவற்றுள் 2022-இல் வெளியான தொகுப்பு ஒன்றில் மட்டும் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் முகவரிகளும் அவற்றின் விளக்கங்களும் அடங்கின. வரைந்தவர்களை ஒப்புதல் கேட்டவர் யார்? 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஓவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர். பொறியை நாம் பழிக்கவில்லை. அறிவியலை அஞ்சுவது நம் மரபன்று. நாம் சுட்டுவது வேறொன்றை. அப்பொறி ஆக்கித் தந்த படங்கள் சிலவற்றின் மூலையிலே, எந்த மொழியிலும் படிக்கவியலாத ஒரு கிறுக்கல் தென்பட்டது. கையொப்பம் போன்ற ஒன்று! ஓவியம் என்றால் மூலையில் ஏதோ கோடு இருக்கும் என்று பொறி கற்றுக்கொண்டது. அது ஒரு மனிதனின் பெயர் என்பதை மட்டும் கற்கவில்லை. உழைப்பை விழுங்கியும் செரிக்காமற்போன எலும்பு அது.

ஓவிய வகுப்பிலே சிறு பிள்ளைகளைப் பாருங்கள். படத்தை முடித்ததும், எவரும் சொல்லாமலே, ஓரத்திலே பெயரை எழுதுகிறார்கள். விற்பதற்காகவா? இல்லை. 'இது என்னால் ஆயிற்று' என்று உலகத்துக்கு அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பே தன்மான உணர்ச்சியின் முதல் எழுத்து. விலைக்கு வாங்க முடியாத உரிமை எது என்று தொடக்கத்தில் கேட்டோமே, அது இதுதான்.

ஆகவே, தோழர்களே, பேச்சோடு நில்லாமல் செயலுக்கு வருவோம். அச்சகத்தில் அழைப்பிதழுக்கோ அட்டைப்படத்துக்கோ வேலை கொடுக்கும்போது, வரைந்தவர் பெயரை அச்சிடச் சொல்வோம். மன்றத்திலே பெரியார் படத்தை மாட்டும்போது, அதைத் தீட்டியவர் யாரென்று உறுப்பினர்க்குச் சொல்வோம். தேர்தல் காலத்திலே இரவெல்லாம் ஏணியில் நின்று சுவரிலே சூரியனை எழுதும் தோழனுக்கு, கூலியோடு அவன் பெயருக்கு ஒரு சாண் சுவரும் கொடுப்போம். பூசையறைப் படத்தின் முன்னே நிற்கும் அன்னையிடம் சண்டைக்குப் போகவேண்டாம், "அம்மா, இதை வரைந்தவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் குனிந்து மூலையைப் பார்ப்பார். அங்கே பெயர் இருந்தால், அந்த வீட்டில் ஒரு மனிதன் அறியப்படுவான். இல்லையென்றால், ஏன் இல்லை என்ற கேள்வி அந்த வீட்டிலே பிறக்கும்.