வினையும் விசைத்தறியும்

இடுப்பு வலி முன்வினைப் பயன் என்றால், அதைக் கைவைத்துத் தணிப்பது கடவுள் கணக்கில் குறுக்கிடுவதாகாதா? திருச்செங்கோட்டில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. குப்புறப் படுத்தபடியே இதைக் கேட்பவர்கள் உண்டு.

பழைய பதிலொன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஞானசம்பந்தர் இங்கே தங்கியபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. திருநீலகண்டப் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வினை என்று சொல்லிவிட்டு உய்யும் வழி தேடாமல் இருப்பதைத்தான் குறை என்றார். அவர் பற்றியது இறைவன் திருவடியை. என்னிடம் இருப்பவை இரண்டு கட்டைவிரல்கள்.

அப்படிக் கேட்பவர்களில் ஒருவர், விசைத்தறி ஓட்டும் ஓர் அம்மா. முதுகெலும்பை ஒட்டி விரலை வைத்ததுமே மூச்சை அடக்கிக்கொள்வார். "மூச்ச விடுங்கம்மா" என்பேன். அவர் விடும்போதுதான் என் எடையை இறக்குவேன். நாலைந்து மூச்சில் விரலுக்கடியில் தசை இளகும். "எலும்ப உக்கார வெச்சுட்டியா கண்ணு?" என்பார். எலும்பு விலகவும் இல்லை, நான் உட்கார வைக்கவும் இல்லை. தொடுகை நரம்பு வழியே வலியைக் கொஞ்ச நேரம் அடக்குகிறது.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி.டி.பால்மர், உடலுக்குள் ஓடும் பேரறிவை விலகிய முள்ளெலும்பு தடுக்கிறது என்று நம்பினார். அவருக்கும் இந்த அம்மாவுக்கும் வலிக்கான காரணம் எங்கோ மேலே இருக்கிறது. என் கைக்கு அத்தனை உயரம் எட்டாது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலில் மசாஜையும் கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சையையும் சேர்த்தது. சான்று வலுவில்லை என்றும் கூடவே சொன்னது. நேர்மையான பேச்சு.

தறி நாடாவில் நூல்தார் மாற்றவும் அறுந்த இழையைப் பிணைக்கவும் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிறவருடைய வலிக்குக் காரணம் தேட எனக்கு முற்பிறவி தேவைப்படவில்லை. பாவம் அங்கே என்று கைகாட்டினால் இங்கே ஷிப்ட் போட்டவர் தப்பிவிடுகிறார். வினைக் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை, இந்த வசதியோடுதான் சண்டை.

மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நடங்கள், உட்கார முக்காலி கேளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். சேலையைச் சரிசெய்தபடி சொன்னார்: "அதையும் நீயே ஓனருகிட்ட வந்து சொல்லிப்போடு கண்ணு. நாங் கேட்டா நாளைக்கு வேற ஆளப் போட்ருவாங்க."