கூட்டத்திடம் கேட்பது

சில வருஷங்களுக்கு முன் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நான் மனிதன்தானா என்று என்னைக் கேட்டார்கள். நெளிந்து கலங்கிய இரண்டு ஆங்கிலச் சொற்கள். படித்துத் தட்டச்சு செய்தால் மனிதன். செய்தேன், உள்ளே விட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, இரண்டில் ஒரு சொல்லுக்குத்தான் அவர்களிடம் விடை இருந்தது என்று. மற்றது ஏதோ பழைய புத்தகத்திலோ நாளிதழிலோ இயந்திரத்தால் படிக்க முடியாமல் போன சொல். என்னைப் போன்ற சிலர் ஒரே மாதிரி படித்துவிட்டால் அது உறுதியாகிவிடும். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இதைச் சொல்லியும் இருந்தார்களாம். நான் பார்க்கவில்லை. கூலி கிடைக்கவில்லை என்பதல்ல என் புகார். நான் மனிதன் என்பதற்குக் கொடுத்த சாட்சியமே யாருக்கோ செய்த வேலையாகவும் இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

நம் வட்டத்தில் 'கூட்டம்' என்பது ஏறக்குறைய ஒரு வசவு. தனிமனிதப் பிரக்ஞை, தனிக்குரல் என்று பேசிப் பழகிவிட்ட நமக்கு, பலர் சேர்ந்து ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட முடியும் என்பதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஃப்ரான்ஸிஸ் கால்ட்டனுக்கும் ஜனங்களின் புத்தியில் பெரிய மரியாதை இருந்ததில்லை. 1906-இல் இங்கிலாந்தின் ப்ளிமத் நகரத்துக் கால்நடைக் கண்காட்சியில், வெட்டிச் சுத்தம் செய்தபின் ஒரு மாடு எத்தனை எடை நிற்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. அதன் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நட்ட நடுவில் நின்ற எண், உண்மையான எடையிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை.

ஆனால் மாட்டுக்கு ஒரு எடை இருந்தது. நெளிந்த சொல்லும் அப்படியே, எப்போதோ அச்சாகிவிட்ட சொல். விடை ஏற்கெனவே எங்கோ இருக்கும்போது கூட்டம் ஒரு தராசு. தராசிடம் மனச்சாட்சியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வியாபாரம் இதை நன்றாகவே புரிந்துகொண்டது. 2005-இல் அமேஸான் தொடங்கிய துண்டு வேலைச் சந்தைக்கு 'மெக்கானிக்கல் டர்க்' என்று பெயர். 1770-இல் கெம்ப்பலென் என்பவர் வியன்னாவில் காட்டிய சதுரங்கம் ஆடும் பொம்மையின் பெயர் அது. பொம்மை ஆடவில்லை, பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஆள் ஆடினான். படத்தில் இருப்பது நாயா பூனையா என்று சொன்னால் சில காசுகள். சொல்பவர்களில் கணிசமானவர்கள் இந்தியர்கள். பெட்டிக்குள் ஆள் இருப்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்ட இந்த நேர்மையை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சட்டத்துக்கு முன்கூட்டிய எடை கிடையாது. அதனால் ஐஸ்லாந்தில் நடந்தது வேறு விஷயம். 2008 அக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. ஜனங்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு பாராளுமன்றத்தின் முன் நின்றார்கள், அரசாங்கம் போயிற்று. 1944-இல் டென்மார்க்கிலிருந்து விடுபட்டபோது அவசரத்தில், டேனிஷ் மாதிரியையே பெரும்பாலும் ஒட்டி எழுதிக்கொண்ட அரசியல் சாசனத்தை இப்போதாவது நாமே எழுதுவோம் என்றார்கள். 2010 நவம்பரில் 950 பேரைக் குலுக்கலில் எடுத்து ஒரு நாள் முழுக்க உட்கார்த்திப் பேசவைத்தார்கள். பிறகு 25 பேருக்குத் தேர்தல், போட்டியிட்டவர்கள் ஐந்நூற்றுக்கும் மேல். நடைமுறைக் குறைகளைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்க, பாராளுமன்றம் ஏறக்குறைய அதே ஆட்களை ஒரு குழுவாக நியமித்தது. 2011 ஏப்ரல் முதல் ஜூலை வரை, எழுத எழுத வரைவை இணையத்தில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். ஆயிரக்கணக்கில் வந்தன.

நான் இதைப் படிக்க ஆரம்பித்தது ஒரு சந்தேகத்தோடு. கவிதையில் ஒரு சொல் பொய்யாக விழுந்தால் பிடித்து உலுக்க ஒருவன் இருக்கிறான். ஆயிரம் கை பட்ட வாசகத்துக்கு யார் பதில் சொல்வது? கூட்டத்தைக் கூண்டில் ஏற்றத் தயாராகவே இருந்தேன். விஷயம் அப்படிப் போகவில்லை. குழு ஒருமனதாக வரைவை ஏற்று, கொடுத்த கெடுவில் ஒப்படைத்தது. 2012 அக்டோபர் 20-ஆம் தேதி வாக்கெடுப்பில், இதுவே புதிய சாசனத்துக்கு அடிப்படையாகட்டும் என்று மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். தனியார் உடைமை அல்லாத இயற்கை வளங்கள் தேசத்தின் சொத்து என்று எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஆதரவு ஐந்தில் நாலு பங்குக்கு மேல். மீன்பிடி உரிமையே பணமாகப் புழங்கும் தீவில் இது வெறும் வாசகம் அல்ல. வாக்களிக்க வந்தவர்கள் பாதிப்பேர்தான் என்பதையும் மறைக்க வேண்டாம்.

பிறகு 63 உறுப்பினர்கள் கொண்ட பாராளுமன்றத்தின் முறை. 2013-இல் தேர்தல் வந்தது, கூட்டத்தொடர் முடிந்தது, வரைவு இறுதி வாக்குக்கே விடப்படவில்லை. எதிர்த்தவர்கள் உண்டு, ஆனால் சபையாக 'வேண்டாம்' என்று கை தூக்கும் சங்கடம் யாருக்கும் நேரவில்லை. பழைய சாசனம்தான் இன்றும். முகமில்லாதது என்று நான் சந்தேகித்த கூட்டம் தன் பங்கை முடித்துவிட்டிருந்தது. பெயரும் சம்பளமும் உள்ளவர்கள் கையெழுத்துப் போடவில்லை, போட மறுக்கவும் இல்லை. ஆக, நான் தேடிய பொறுப்பின்மை கேட்கப்பட்டவர்களிடம் இல்லை. மாட்டின் எடையைக் கேட்டவன் சீட்டை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டவன் அப்படிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

இங்கே யாராவது உத்திரமேரூரை எடுப்பார்கள். முதல் பராந்தகன் காலத்துக் குடவோலை, சிறுவன் எடுக்கும் ஓலை எல்லாம் சரி. நிலமும் வீடும் வேதமும் உள்ள ஆண்களின் சபை அது, பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது வேறு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவுக்காரர்கள் பெயரையும்.

சமீபத்தில் ஒரு பழைய நூலைத் தேடி மதுரைத் திட்டத்தின் கோப்புகளுக்குப் போனேன். 1998 பொங்கலன்று தொடங்கியது. எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் கூலியின்றி உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. என்னிடம் அந்தப் படிவம் வாங்கிய வேலைதான், அச்சிலிருக்கும் சொல்லைப் படித்துச் சொல்வது. ஆனால் கோப்பின் தலையில் தட்டச்சு செய்தவர் பெயர் இருந்தது, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. மேலே போய் மெய்ப்புப் பார்த்தவரின் பெயரை இன்னொரு முறை படித்தேன்.