கட்டியது யார்?

முதல் கேமிங் கம்ப்யூட்டரை உதிரிப் பாகங்களாக வாங்கிச் சேர்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நானே பில்ட் பண்ணேன்." அந்த 'நானே'யில் இருக்கும் ஏகாரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அப்படி என்னதான் செய்தோம்? பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கூலர், கேபினட் என்று எட்டுப் பெட்டிகளைப் பிரித்தோம். பிராசசரின் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்து லீவரை இறக்கினோம். பட்டாணி அளவுக்கு தெர்மல் பேஸ்ட். 'க்ளிக்' என்று கேட்கும்வரை ரேமை அழுத்தினோம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு யூடியூப் வீடியோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மெக்கானிக் ஷெட்டில் இதைப் 'பூட்டுறது' என்பார்கள். கட்டுவது என்று சொல்ல மாட்டார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த வேலை பல வருஷங்களாக நடக்கிறது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "பிராண்டடா, அசெம்பிள்டா?" அசெம்பிள்டு என்ற பதில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும். கம்பெனி சிஸ்டம் வாங்கக் காசில்லை என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கு அதே காரியத்தைத் தலை நிமிர்ந்து சொல்கிறோம். ஸ்க்ரூ அதேதான், திருகும் விதமும் அதேதான். கடைப் பையன் பூட்டியபோது அது மலிவு சரக்கு, நாம் பூட்டியதும் சாதனை. வேலைக்கு மதிப்பு வேலையில் இருந்து வரவில்லை, யார் செய்தார்கள் என்பதில் இருந்து வந்திருக்கிறது. நமக்கு இது புதுசும் இல்லை.

இன்னும் உள்ளே போனால் 'நானே' மேலும் மெலிகிறது. கிராஃபிக்ஸ் கார்டின் பெட்டியில் என்விடியா என்றோ ஏஎம்டி என்றோ போட்டிருக்கும். அவர்கள் சிப்பை வடிவமைப்பவர்கள். சிலிக்கானில் அதைச் செதுக்குவது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி. அங்கே இன்றைய நுண்ணிய சிப்களைப் பொறிக்க 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பயன்படுத்தும் இயந்திரம் வேண்டும். அதை உலகத்திலேயே ஒரே நிறுவனம்தான் விற்கிறது, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் கண்ணாடிகள் ஜெர்மனியின் ஸைஸ் செய்தவை. மின்னணுப் பொருள்களின் சில மின்தேக்கிகளில் இருக்கும் டான்டலம் இன்னொரு திசையைக் காட்டுகிறது. அதன் தாதுவான கோல்டானைக் கிழக்குக் காங்கோவில் மண்வெட்டியும் கையுமாகத் தோண்டுகிறார்கள். அந்தக் காசு ஆயுதக் குழுக்களுக்குப் போகிறது என்பதால்தான் 2010-இல் அமெரிக்கா தன் டாட்-ஃபிராங்க் சட்டத்தில், இந்தக் கனிமங்கள் எங்கிருந்து வந்தன என்று கம்பெனிகள் வெளியே சொல்ல வேண்டும் என ஒரு பிரிவைச் சேர்த்தது.

தாமஸ் த்வெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஒரு சாதாரண டோஸ்டரை மூலப்பொருளில் இருந்தே தானே செய்யப் பார்த்தார். இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கினார், பிளாஸ்டிக் உறையை வார்த்தார். கடைசியில் பிளக்கைச் செருகியதும் சில விநாடிகளில் அது தன்னையே உருக்கிக்கொண்டது. ரொட்டி சுடுகிற பெட்டிக்கே இந்தக் கதி.

சரி, அப்போ 'நானே' என்பது பொய்யா?

தமிழில் நாம் இதைவிடப் பெரிய பொய்யைத் தினமும் கூசாமல் சொல்கிறோம். "வீடு கட்டியிருக்கேன், கிரகப்பிரவேசத்துக்கு வந்துடுங்க." கொத்தனாரும் சித்தாளும் கட்டிய வீடு அது. ஆனால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஏனென்றால் லோன் கட்டுவது அவர், சுவரில் விரிசல் விட்டால் தூக்கம் கெடுவது அவருக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் இன்னும் நிதானமாகப் பேசுகிறான். 'நாம் எடுப்பிச்ச' கற்றளி என்கிறான். எடுத்த என்று சொல்லவில்லை, எடுப்பிச்ச. பிறர் கையால் செய்வித்தது என்பதை வினைச்சொல்லே ஒப்புக்கொள்கிறது. கூடவே அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் கல்லில் ஏறுகிறது. கல் இழுத்தவர்களின் பெயர் அதிலும் இல்லைதான். ஆனாலும் தனியாகச் செய்தேன் என்று ஒரு சக்கரவர்த்தி சொல்லத் தயங்கிய இடம் அது.

'கட்டினேன்' என்பதற்கு 'உண்டாக்கினேன்' என்பதைத் தவிர இன்னொரு பொருளும் இருக்கிறது: இதற்கு நான் பொறுப்பு. கடையில் முழுசாக வாங்கிய லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் கோபத்தைச் சர்வீஸ் சென்டரில் இறக்கிவிடலாம். நாம் பூட்டியதில் ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தால் திட்ட ஆள் கிடையாது. ஒரு ரேமைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஸ்லாட் மாற்றிப் பார்க்க வேண்டும், பிராசசருக்கான பவர் கேபிள் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் அது நம்முடையதாகிறது. பில் போட்டபோது அது இன்னும் கடைச் சரக்குதான்.

ஆனால் பொறுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டால் அதைக் கேபினட்டோடு நிறுத்த முடியாது. காங்கோவின் சுரங்கத்துக்கு நம் மேஜையில் இருந்து பதில் சொல்ல முடியாது, உண்மைதான். பதில் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: அடுத்த அப்கிரேடு. உதிரியாகப் பூட்டுவதன் பெரிய நன்மை, ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் வாங்கிய பல மதர்போர்டுகள் பயாஸ் அப்டேட் செய்தபின் 2022-இல் வந்த பிராசசரையும் ஏற்றுக்கொண்டன. ஒரு மிஷினை அஞ்சாறு வருஷம் உயிரோடு வைத்திருக்க இந்தச் சுதந்திரம் உதவும். எழுபது ஃப்ரேம் சுகமாக ஓடுகிற கேமை நூற்றிருபதாக்க வருஷா வருஷம் கார்டு மாற்றவும் இதே சுதந்திரம் உதவும். கழற்றுவது சுலபம் என்பதாலேயே கழற்றத் தோன்றும். கழற்றிப் போட்ட போர்டுகள் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில், செம்புக்கும் தங்கத்துக்குமாக அமிலத்தில் ஊறுகின்றன. ஊறவைப்பதும் கைகள்தான்.

ஆக 'நானே பில்ட் பண்ணேன்' என்று சொல்வதில் தப்பில்லை. அந்த வாக்கியம் உண்மையா என்பது அசெம்பிள் செய்த அன்றைக்குத் தெரியாது. ஆறு வருஷம் கழித்து, பழைய கார்டைத் தூசி தட்டி, எந்தக் கேம் எந்த செட்டிங்கில் ஓடும் என்று சொல்லிக்கொடுத்து, தெருக்கோடித் தம்பி ஒருவனின் முதல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறோமா என்பதில் தெரியும். அவனும் 'நானே' என்றுதான் சொல்லப்போகிறான். சொல்லட்டும்.