விரல்ரேகையும் மனித மாண்பும்

குற்றம் புரிந்தவனின் விரல்ரேகையைக் காவலர் எடுப்பதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. யாதொரு குற்றமும் அறியாத பயணியிடம், எல்லையைக் கடக்கிறான் என்பதற்காகவே அதைக் கேட்பது முறையா?

2004 ஜனவரியில் அமெரிக்க அரசு, விசா பெற்று வானூர்தி நிலையங்களில் வந்திறங்கும் அயல்நாட்டாரின் விரல்ரேகைகளைப் பதியத் தொடங்கியது. முதலில் இரு சுட்டுவிரல்கள், பின்னாளில் பத்தும். அதே மாதம் இத்தாலிய மெய்யியலார் ஜோர்ஜோ அகம்பென், நியூயார்க்கில் தாம் நடத்தவிருந்த வகுப்புகளைக் கைவிட்டார். குற்றவாளிக்கென ஏற்பட்ட முறையைக் குடிமக்களுக்கு இயல்பாக்குவது, அரசுக்கும் மனிதனுக்குமுள்ள உறவையே மாற்றிவிடும் என்றார். இது நமக்கும் உடன்பாடே. பெயரும் ஊரும் நாம் சொல்லித் தருபவை. ரேகையோ நம் வாய்ச்சொல்லை நம்பாமல் உடலினின்று பெறப்படுவது. ஆயினும் மறுத்தவர் பேராசிரியர். பயணத்தையே விட்டுவிட அவரால் இயன்றது.

இவ்விடத்தில் காந்தியடிகளை நினைக்கிறோம். 1906-இல் திரான்சுவால் அரசு, ஆசியர் யாவரும் விரல்ரேகை பதியவேண்டுமெனச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் சத்தியாகிரகம் பிறந்தது. தமிழர் பலர் அதில் சிறை புகுந்தனர். 1908 தொடக்கத்தில், கட்டாயமின்றித் தாமே முன்வந்து பதியலாம் என உடன்பாடு ஏற்பட்டது. கற்றவர்க்குக் கையொப்பமே போதும் என்றிருந்தும், காந்தியடிகள் எளியவரோடு தாமும் ரேகை பதியச் சென்றார். வழியில் அவரது முன்னாள் கட்சிக்காரரே அவரை அடித்து வீழ்த்தினார். படுக்கையில் கிடந்தவாறே அவர் ரேகை கொடுத்தார்! மையில் இழிவு இல்லை, கட்டாயத்திலேதான் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஒழுக்கவியல் நூலும் நமக்குக் கற்பிக்கவில்லை. சட்டம் நீக்கப்படாததால் அவ்வாண்டு ஆகஸ்டில் பதிவுச்சான்றுகள் தீயிலிடப்பட்டன என்பது வேறு கதை.

விட்டுவிடவும் இயலாமல், விரும்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் எல்லையில் நிற்பவன் அகதி. 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அடைக்கலம் கேட்போரின் ரேகைகளை 'யூரோடாக்' என்னும் பதிவேட்டில் சேர்த்து வருகிறது. முதலில் எந்நாட்டில் பதிந்தானோ அந்நாட்டுக்கே அவன் திருப்பியனுப்பப்படலாம். அதற்கஞ்சி, பிரான்சின் கலே நகரில் சிலர் காய்ச்சிய இரும்பால் தம் விரல்நுனிகளைத் தாமே சுட்டுக்கொண்டனர். அன்று பதினான்கு வயது நிரம்பியோரிடம் மட்டுமே ரேகை எடுத்தனர். 2024-இல் இயற்றிய சட்டம் அவ்வயதை ஆறாகக் குறைத்தது. காணாமற்போகும் குழந்தைகளைக் கண்டறிய உதவும் என்கின்றனர், உதவவும் கூடும். ஆனால் 2015 முதல் காவல்துறையும் தேடக்கூடிய பதிவேடு அது. அடைக்கலம் கேட்டோரின் ரேகைகள் பத்தாண்டுகள் அதில் இருக்கும். தாயின் கைப்பிடித்து வந்த ஆறு வயதுப் பிள்ளை, பதினாறு வயதுவரை அதில் தேடப்படுவான்.