அருமை என்ற பொய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் 18 வருடம் தர ஆய்வு பார்த்தவன் நான். 20 மில்லிமீட்டர் துளை என்றால் பிளக் கேஜை எடுப்போம். 'கோ' முனை நுழைய வேண்டும், 'நோ கோ' முனை நுழையக் கூடாது. நுழைந்துவிட்டால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். குடைந்தவர் சீனியர் மாஸ்டரா, நேற்று ஐடிஐ முடித்து வந்த பையனா என்று கேஜ் பார்க்காது. மாஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டூலை மாற்றிவிட்டு அடுத்த பீஸைப் போடுவார்.

அதே நான், பரிசு வாங்கிய ஒரு நாவலை அறுபதாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு, ஆவடியில் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடியபோது "அருமை" என்றேன். கூடியிருந்தவர்கள் நிறையப் படித்தவர்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். மறுவாரம் பட்டறையில் அப்ரண்டிஸ் பையன் ஒருவன், "சார், சுவாரசியமா ஒரு புக் சொல்லுங்க, படிக்கிறேன்" என்றான். அதையே சொன்னேன். கையில் வரும் கொஞ்ச உதவித்தொகையில் அதை வாங்கினான். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் ஆவடி வரும்வரை அது அவன் மடியில் இருக்கும். மூன்றாவது வாரம், "நமக்கெல்லாம் படிப்பு ஏறாது சார்" என்று சொல்லிவிட்டான்.

தன் மூளையில்தான் குறை என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் முடிவு கட்டியதற்கு என் ஒரு சொல் காரணம். பிறகு ஒருநாள், நானும் அதை முடிக்கவில்லை என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் தெளித்து, அன்றைக்குப் புத்தகத்தைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அதே நாளில் தொழிற்பேட்டையில் லேத்துக்கும் பொட்டு வைக்கிறோம். ஆனால் பூஜை முடிந்து ஓட்டும்போது லேத்து பிசகினால் அங்கேயே திறந்துவிடுவோம். பொட்டு வைத்த மெஷின் என்று யாரும் தயங்குவதில்லை. புத்தகத்திடம் மட்டும் தயங்குகிறோம். கும்பிட்டுப் பழகிய பொருளைப் பார்த்து "இது சலிப்பாக இருக்கிறது" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதற்கு விலக்கு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தன் பேச்சைப் பற்றியே சொல்லிவந்தவர் பெரியார். அவருடைய தொகுதிகளைக் கண்ணாடி அலமாரியில் வரிசை கலையாமல் வைத்துவிட்டு, அதில் ஒரு பக்கத்தோடும் வாதாடாமல் வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். அதுவும் பூஜைதான்.

இந்தப் பொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. என் அக்கா ரமணிசந்திரன் நாவல் ஒன்றை ஒரே இரவில் முடித்துவிடுவாள். வெளியாள் கேட்டால் 'பொன்னியின் செல்வன்' படிக்கிறேன் என்பாள். ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, அட்டை தெரியாமல் மடித்து வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்! மகிழ்ந்து படித்ததை மறைக்கிறோம், மகிழாததைப் புகழ்கிறோம். நான் கேலி செய்ய மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் அக்கா ஒருநாள் மனம் திறந்தாள்: "எல்லாக் கதையிலயும் கடைசியில பொண்ணேதான்டா பொறுத்துப் போகணுமா?" அந்த நாவல்களைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான விமர்சனம் அது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் கேள்வி எங்கள் அடுப்படியைத் தாண்டியிருக்காது.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் ஒன்று. 'அருமை' என்ற பொய் அந்த நேரத்தைத்தான் வீணாக்குகிறது. 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ சொத்துவரி கட்டுகிற ஒவ்வொரு வீடும் அதோடு நூலக வரியும் கட்டுகிறது. ஊர்ப் பணத்தில் வாங்கிய புத்தகம் எப்படி இருந்தது என்று ஊருக்கு உள்ளபடி சொல்வது வாசகரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

பூந்தமல்லியில் இந்தக் கடமை இன்னும் கனக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி அங்கே இருக்கிறது. பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பிரெய்ல் எழுத்து ஆறு புள்ளிகளில் அடங்குவது. விரல் நுனி உணரவேண்டிய புள்ளியைச் சின்னதாக்கிப் பக்கத்தைக் குறைக்க முடியாது. தாளும் தடிமனாக இருக்க வேண்டும். நம் கைக்கு ஒரு புத்தகம், அவர்களுக்கு மூன்று நான்கு கனத்த தொகுதிகள். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், அவர்களுக்காக ஒரு நூலை மாற்றித் தர உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றது. இதற்கென உலக நாடுகள் 2013-ல் செய்த மராகேஷ் ஒப்பந்தத்தை மறு வருடமே முதல் நாடாக இந்தியா உறுதி செய்தது. சட்டம் வழிவிட்டுவிட்டது. எந்தப் புத்தகத்தை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்குத்தான் பார்வையுள்ள நம் வாய்ச்சொல்லை நம்பியிருக்கிறார்கள்.

ஆவடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த, வெள்ளைக் கோல் வைத்திருந்த தம்பி இதைப் பளிச்சென்று சொன்னான். "நீங்கல்லாம் நல்லாருக்குன்னு சொன்னதைத்தான் சார் எங்களுக்கு மாத்திக் குடுக்கிறாங்க. மூணு வால்யூமைத் தூக்கிட்டுப் போயி, நாலு நாள் விரலால தடவித் தடவிப் படிச்சு, அது போரடிச்சா நான் யார்கிட்ட சார் சண்டைக்குப் போறது?"

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன சார் படிச்சீங்க?" என்று கேட்டான்.

அந்த வாரம் முடித்த நாவலைப் பற்றிச் சொன்னேன். நடுவில் 80 பக்கம் இழுக்கிறது, ஊர்த் திருவிழா வருணனையை நான் தாண்டிப் போய்விட்டேன், ஆனால் அந்த அம்மா வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்கிற இடத்தில் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன் என்றேன்.

"பேரைச் சொல்லுங்க சார்" என்று செல்போனை வெளியே எடுத்தான்.