மறைக்க வேண்டியது யாரை?

2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது. சில நாட்களுக்குள் அவருடைய பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் அடங்கிய எஃப்.ஐ.ஆர். ஊர் முழுக்கச் சுற்றியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறும்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்றது தேசியத் தகவல் மையம். மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

கசியவிட்டது கணினி என்றே வைத்துக்கொள்வோம். பகிர்ந்தது யார்? "அந்த நேரத்துல அங்க இவளுக்கு என்ன வேலை?" என்று அந்தத் தாளில் துப்புத் தேடியது யார்? கற்பைப் பெண்ணுக்கு மட்டும் பூட்டிய விலங்கு என்று பெரியார் எழுதி நூறாண்டு நெருங்குகிறது. கையில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, விலங்கு கழலவில்லை.

மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்கிறார்கள். எது தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, பாலியல் வழக்குகளுக்கு 2016இல் விலக்கும் கொடுத்தது.

பாதிக்கப்பட்டவர் மறைய வேண்டும், அரசின் செயல் தெரிய வேண்டும். காவல்துறையின் 100, ஆம்புலன்ஸின் 108 எண்களுக்கு வரும் அழைப்புகளின் பதிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு குரல்கள். ஒன்று உயிருக்குப் பதறுவது, மற்றது சம்பளம் வாங்குவது. முதல் குரல் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். இரண்டாவது நமக்குச் சொந்தம்.

நாமோ தலைகீழாக நடக்கிறோம். பெண்ணின் முகவரி சில நாளில் ஊர் மேய்கிறது. அதிகாரியின் விவரத்துக்கோ புதுக் கவசம். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் கருதித் தரலாம் என்னும் 8(2) மட்டும் மிச்சம்.

சென்னை ரங்கநாதன் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால், 108 அழைப்பு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்பதை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும். அழைத்தவரின் அழுகை அவர் சம்மதமில்லாமல் எவர் காதுக்கும் போகக்கூடாது.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. அடுத்த முறை அப்படியொரு பி.டி.எஃப். வந்தால் அனுப்பியவரிடம் அதைச் சொல்லுங்கள். அரசிடம் நேரத்தைக் கேளுங்கள், பெயரைக் கேட்காதீர்கள்.