கரை யாருக்குச் சொந்தம்?

பாழடைந்து கிடக்கும் ஒரு மனையைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, ‘இது என்ன விலைக்குப் போகும்?’ என்பதே. ‘இங்கே யார் வாழ்ந்தார்கள்? இனி யார் வாழ வேண்டும்?’ என்னும் கேள்விகள் பின்னரே எழுகின்றன. சில வேளைகளில் எழாமலே போய்விடுகின்றன. முதற்கேள்வி வணிகத்துக்குரியது, அதில் குற்றமில்லை. ஏனைய இரண்டும் அறத்துக்குரியவை. வணிகக் கேள்விக்கு விடை கிடைத்ததும் அறக்கேள்வியை மூடிவிடலாமா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது.

இதற்குத் தக்க சான்றாக லண்டன் மாநகரின் தேம்ஸ் ஆற்றங்கரை நம் முன் நிற்கிறது.

அக்கரை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1806இல் திறக்கப்பட்ட கிழக்கிந்தியத் துறையில், கீழைக் கடல்களிலிருந்து சென்ற தேயிலையும் நறுமணப் பொருள்களும் இறங்கின. அக்கப்பல்களில் ‘லஸ்கர்’ எனப்பட்ட ஆசிய மாலுமிகள் உழைத்தார்கள். கரையேறிய பின் ஒதுங்க இடமின்றித் தவித்த அவர்களுக்கென 1857இல் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரு விடுதியே திறக்க வேண்டியதாயிற்று.

காலம் மாறியது. சரக்குகளை மூட்டை மூட்டையாகச் சுமந்த காலம் போய், இரும்புப் பெட்டகங்களில் அடைத்து ஏற்றும் காலம் வந்தது. பெட்டகக் கப்பல்கள் பெரியவை. பழைய துறைகளின் குறுகிய வாயில்கள் அவற்றுக்குப் போதவில்லை. வாணிகம் கடலை நோக்கி டில்பரிக்கு இறங்கிச் சென்றது. 1967இல் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. 1981க்குள் மாநகரின் பழைய துறைகள் அனைத்தும் ஓய்ந்தன. பண்டகசாலைகள் வெறிச்சோடின. தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேலையிழந்து நின்றன.

இரண்டு வழிகள்

பாழ்பட்ட கரைக்கு மறுவாழ்வு அளிக்க இரண்டு வழிகள் முயலப்பட்டன.

முதல் வழி அரசின் வழி. 1981இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர் பரப்பை அதன் பொறுப்பில் விட்டது. 1998இல் கழகம் கலைக்கப்படும்வரை அங்கே ஏறத்தாழ 24,000 வீடுகள் எழுந்தன, இரயில் வந்தது, வானளாவிய அலுவலகங்கள் வந்தன, மக்கள்தொகை இரு மடங்கிற்கும் மேலாயிற்று. இதனை அற்பச் சாதனை என்று எவரும் தள்ளிவிட முடியாது. ஆயினும் புதிய வீடுகளில் பெரும்பாலானவை விலைக்கு விற்கப்பட்டவை. அங்கே முன்பிருந்தவர்களோ பெரும்பாலும் நகரசபை வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளர். தம் வாசலில் எழுந்த வீட்டைத் தாம் வாங்க முடியாது என்று கண்டபோது அவர்கள் கொண்ட மனக்கசப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இரண்டாம் வழி, ஆற்றின் தென்கரையில், காயின் ஸ்டிரீட் என்னும் சிறு வட்டாரத்தில் பிறந்தது. ஒரு காலத்தில் ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த சுற்றுவட்டாரம் அது. 1970களில் ஏறத்தாழ நாலாயிரமாகச் சுருங்கிவிட்டது. மக்கள் குறையவே பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. அங்கிருந்த 13 ஏக்கர் வெற்றிடத்தில் பெரும் ஹோட்டலும் அலுவலகங்களும் எழுப்பும் திட்டங்கள் வந்தன. எஞ்சியிருந்த மக்கள் 1977இல் திரண்டு, ‘எமக்கு வேண்டியவை வீடுகள்’ என்றார்கள். வெறும் எதிர்ப்போடு நில்லாமல் தாமே ஒரு திட்டம் வகுத்தார்கள். இரண்டு பொது விசாரணைகள் நடந்தன. இறுதியில் அரசு என்ன செய்தது தெரியுமா? அலுவலகத் திட்டம், மக்கள் திட்டம் ஆகிய இரண்டுக்குமே அனுமதி வழங்கிவிட்டது!

சட்டத்தின் கண்ணில் இரண்டும் சரியே என்றால், எது மேலானது என்று சட்டம் சொல்லவில்லை. மனிதர்களே தேர்ந்தாக வேண்டும். 1984இல் பெருநகர மன்றம், நிறுவனத்தாரிடமிருந்த நிலத்தையும் வாங்கி, மொத்த மனையையும் அவ்வட்டார மக்கள் அமைத்த அமைப்புக்குப் பத்து இலட்சம் பவுனுக்கு விற்றது. வீடுகளுக்கும் பூங்காவுக்கும் உரிய நிலம் என்று நிபந்தனை விதித்தமையால் விலை அவ்வளவு தாழ்ந்தது. 1988இல் முதல் 56 வீடுகளில் குடும்பங்கள் குடியேறின. ஆற்றோரத்தில் பூங்காவும் நடைபாதையும் அமைந்தன. இடிபடவிருந்த ஆக்ஸோ கோபுரக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 1996இல் மேலே 78 குடியிருப்புகளும் கீழே கடைகளும் உச்சியில் உணவகமுமாக உயிர்பெற்றது.

எதிர்வாதம்

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழும். ‘இவ்வளவு பாடுபட்டும் அங்கே எழுந்தவை ஏறத்தாழ 220 வீடுகளே. அந்த நிலத்தை உயர்ந்த விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு நகரின் புறத்தே இன்னும் பலருக்கு வீடு கட்டியிருக்கலாமே!’

இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. வீடின்றித் தவிக்கும் ஒருவருக்கு எண்ணிக்கை சிறிய செய்தியன்று. எனினும் அதே கணக்கை ஒவ்வொரு மனைக்கும் போட்டுக்கொண்டே போனால் என்ன நேரும்? விலை உயர்ந்த இடமெல்லாம் பொருளுடையோர்க்கு, எஞ்சியது இல்லாதோர்க்கு என்றாகும். நகரின் நடுவே மருத்துவமனையைக் காக்கும் தாதியும் பேருந்தை ஓட்டும் தொழிலாளியும் விடியுமுன் எழுந்து வெகுதொலைவிலிருந்து வந்து, ஆற்றைப் பார்க்கவும் நேரமின்றித் திரும்புவர். அது நகரன்று; இரு ஊர்கள் ஒன்றுக்கொன்று முகம் பாராமல் வாழும் நிலை. கூட்டல் கணக்கில் இந்த இழப்பு அகப்படுவதில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. ‘முன்பிருந்தவர்க்கே உரிமை’ என்னும் முழக்கம் அளவு மீறினால், பின்வருவோருக்கு எதிரான மதிலாகிவிடும். அன்று அக்கரையில் ஒதுங்க இடமின்றி நின்ற லஸ்கர்களும் வந்தேறிகளே அல்லரோ? ஆகவே பழமை ஒன்றே உரிமைக்குச் சான்றாகாது. தேவையும் சான்றாக வேண்டும்.

நமக்கு உரிய பாடம்

காயின் ஸ்டிரீட் ஏற்பாட்டில் நம் கருத்தை மிகக் கவர்வது ஒன்றுண்டு. அவ்வீடுகள் கூட்டுறவுக்கு உரியவை. குடியிருப்போரே கூடி நிர்வகிக்கின்றனர். ஆனால் எவரும் தம் வீட்டை விற்று இலாபம் காண இயலாது. ஒருவர் வெளியேறினால் அவ்வீடு தேவையுள்ள இன்னொருவருக்கு அதே நிலையில் சேரும். கடைகளும் உணவகமும் தரும் வாடகை பொதுப்பணிக்குத் துணையாகிறது.

வக்ஃபு என்னும் ஏற்பாட்டை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. சட்ட வடிவம் வேறு. ஆயினும் பொருள் விற்பனைக்கன்று, அதன் பயன் தலைமுறைதோறும் தொடரவேண்டும் என்னும் உள்ளக் கருத்து ஒன்றே. அத்தகைய அரிய ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வக்ஃபு மனைகள் பல சொற்ப வாடகைக்குப் போவதையும், ஆக்கிரமிப்பில் கரைவதையும், முட்புதர் மண்டிக் கிடப்பதையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு சில ஆயிரம் பேர் ஏழாண்டுகள் விழித்திருந்து 13 ஏக்கரை மீட்டார்கள். நாமோ நம் முன்னோர் மீட்டுத் தந்ததையே உறக்கத்தில் இழக்கிறோம். ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். அச்சொல்லின் பாரத்தை உணர்கிறோமா?

நிலத்துக்கு நாம் உரிமையாளராக இருக்கும் காலம் சிறிது. நமக்கு முன் அதில் நடந்தோரும் நமக்குப் பின் அதில் நடக்க இருப்போரும் நம்மினும் பலர். ஊரின் ஒரு மூலையில் பாழாய்க் கிடக்கும் மனையைக் கடக்கும்போது, அதன் விலையைக் கேட்குமுன் அதன் கடமையைக் கேட்போமாக!